மூக்குக்குத் தெரியாத வாடை

செங்கல்பட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. இறைச்சி, பால், தண்ணீர் எல்லாம் வரும். ஒருநாள் கருங்குழியில் பன்றி வளர்ப்பவர் ஒருவர் ஐஸ் பெட்டியோடு வந்தார். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட் அவருடைய கறியைத் திருப்பி அனுப்பியிருந்தது. காயடிக்காத ஆண் பன்றியின் நாற்றம் அடிக்கிறதாம். இன்னொரு முறை நாறினால் வாங்கமாட்டார்களாம். அவருக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கை அது.

“எல்லாத்தையும் குட்டியிலயே காயடிச்சாச்சு மேடம். நான் இன்னா பொய் சொல்லிக்கினு திரியறனா?”

கொழுப்பைக் குப்பியில் போட்டு, வெந்நீரில் சூடாக்கி, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பது முதல் வேலை. மோந்தேன். ஒன்றுமில்லை. பக்கத்து மேசைக்காரிக்கும் ஒன்றுமில்லை. அவளும் என்னைப் போல மீன்காரக் குடும்பம்தான். ரிசார்ட் சமையல்காரன் வேண்டுமென்றே வம்பு செய்கிறான் என்று எரிச்சல் வந்தது.

கொழுப்பின் ஆவியை இயந்திரத்துக்குள் அனுப்பினேன். அதில் கலந்திருக்கும் ஒவ்வொரு பொருளும் திரையில் ஒரு முகடாக எழும். காயடிக்காத ஆண் பன்றியின் கொழுப்பில் தேங்கும் நாற்றப் பொருள் இல்லை. குடலில் உண்டாகும் ஸ்கேட்டோல் என்ற இன்னொரு நாற்றப் பொருளும் இல்லை. ஆனால் வேறு முகடுகள் எழுந்தன. மீன் எண்ணெய் கெட்டால் வருபவை.

வெளியே வந்து அவரிடம் கேட்டேன். “பன்னிக்கு மீன் போடறீங்களா?”

“போடாம? ஏலம் முடிஞ்சா தலை, குடலு எல்லாம் கரையில சும்மா கெடக்குது. டெம்போல அள்ளிக்கினு வந்துடுவேன்.”

“அதான் கறி நாறுது.”

“மீனு நாறுதா? நீ எந்த ஊரு மேடம்?”

“நெம்மேலி.”

“கடக்கரைப் பொண்ணு பேசற பேச்சா இது?”

கருவாடு காயும் வீட்டில் வளர்ந்த மூக்கு இது. இதை நம்பி ‘நாற்றம் இல்லை’ என்று எழுதியிருந்தால் அவர் மீனைப் போட்டுக்கொண்டே இருந்திருப்பார். வாடிக்கை போயிருக்கும்.

வெட்டுவதற்குச் சில மாதம் முன்பே மீனை நிறுத்தி, தவிடும் சோளமும் போடச் சொன்னேன். திட்டிக்கொண்டே போனார்.

அடுத்த முறை கொழுப்பு கொண்டுவந்தார். மோந்தேன். போன முறை மாதிரியேதான் இருந்தது. திரையில் மட்டும் மீன் முகடுகள் இல்லை. ரிசார்ட் கறியை எடுத்துக்கொண்டது.

“வூட்ல ஒருத்தருக்கும் புடிக்கல,” என்றார். “ருசியே பூட்ச்சின்றாங்க. எங்களுக்குன்னு ஒண்ண மட்டும் மீனு போட்டு வளத்துக்கினு கீறேன்.”

“அத தனியா கட்டுங்க. கலந்துட்டா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”