அரையடிக்குக் காசு வாங்காதவர்

முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்தபோது அவர் கையில் ஒரு ஃப்ளெக்ஸ் துண்டு இருந்தது. அரையடி அகலம், ஆள் உயர நீளம், எதுவும் அச்சடிக்காத வெறும் வெள்ளை. சம்பந்தி வீட்டுக்கு வேட்டி வைத்துக் கொடுப்பவரைப் போல அதைப் பதமாக மடித்து என் மேசைமேல் வைத்தார். "இந்தத் துண்டுக்கும் சேத்துத்தானே திருச்சிக்காரன் உங்கிட்ட காசு வாங்குறான்?" என்று கேட்டார். குன்னத்தில் நாங்கள் போர்டு கடை போட்டு அப்போது அதிக நாள் ஆகவில்லை. நான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்வேன். என் வீட்டுக்காரர் ஃப்ரேம் அடித்து, ஏணி போட்டு ஏறி, போர்டை மாட்டிவிட்டு வருவார். அச்சடிக்கும் மெஷின் வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. ஃபைலைத் திருச்சிக்கு அனுப்புவோம், அச்சான ஃப்ளெக்ஸ் துணி பஸ்ஸில் பார்சலாக வந்து சேரும்.

வெளியே அச்சடித்து வாங்கி விற்பவர்களுக்கு ரேட் சொல்வதைப் போல ஒரு தலைவலி கிடையாது. மெஷினில் ஓடும் ரோல் மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று முழு அடியில்தான் வரும். கடை வைத்திருப்பவர்களின் வாசல் நெற்றி மட்டும் அதற்குக் கட்டுப்படாமல் மூன்றரை அடியில் நிற்கும். நான்கடி ரோலில் அச்சடித்து, அரையடியை வெட்டி மூலையில் போட்டுவிட்டு, அதற்கும் சேர்த்து நம்மிடம் காசு வாங்குவார்கள். அந்த அரையடியை நான் வாடிக்கையாளரிடம் கேட்டால், என் போர்டு மூன்றரை அடிதானே, மிச்சத்துக்கு நான் ஏன் அழ வேண்டும் என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். பார்சல் கூலி, ஃப்ரேம் இரும்பு, ஏணியில் ஏறுகிறவரின் கூலி எல்லாம் சேர்த்து ஒரு விலை சொன்னால், எதிரே நிற்பவரின் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும். குறைத்துச் சொன்னால் நாங்கள் குடிக்க வேண்டும். ஆரம்பத்தில் அந்த அரையடியைச் சேர்க்க மறந்து ரேட் சொல்லிவிட்டு, பல போர்டுகளைக் கைக்காசு போட்டு மாட்டிக் கொடுத்திருக்கிறோம்.

இந்தச் சங்கடம் தெரிந்துதான் அவர் வந்தார். அரியலூரில் சொந்தமாக மெஷின் வைத்திருந்தவர். சுற்றுப்பட்டில் எல்லோருக்கும் அவர் மெஷின்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கலையாத விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. பேச ஆரம்பித்த உடனேயே நான் அவருக்குத் தங்கச்சி ஆகிவிட்டேன். போர்டு எந்த அளவோ அந்த அளவுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்றார். "வெட்டிப் போடுற துணிக்குத் தங்கச்சிகிட்ட காசு வாங்குனா எனக்குச் சோறு எறங்குமா?" என்றார். சதுர அடிக்கு அவர் சொன்ன ரேட்டும் திருச்சியைவிடக் குறைவு. ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொண்டார். ஃபைலை அரைகுறையாக அனுப்பாமல், பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டு முழுதாக அனுப்பிவிட வேண்டும், அப்போதுதான் அச்சில் தப்பு வராது என்றார். எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நான் பூரித்துப் போனேன். கிளம்பும்போது செட்டிகுளம் மலைக் கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நாங்கள் வாழ்ந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். என்னால் துணிந்து ரேட் சொல்ல முடிந்தது. மூன்றரை அடிக்கு மூன்றரை அடி ரேட். பெரம்பலூர் டவுனிலிருந்துகூட ஆட்கள் தேடி வந்தார்கள். புரோட்டா கடை, செல்போன் கடை, உரக்கடை, தையல் கடை என்று ஒவ்வொரு போர்டையும் பிள்ளைக்குச் சடை பின்னுகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்தேன். மாட்டுத் தீவனக் கடைக்காரர் ஒருவர் வந்தபோது, இன்டர்நெட்டில் கிடைக்கிற சீமைப் பசுக்கள் எனக்குப் பிடிக்கவில்லை. வேப்பந்தட்டையில் இருக்கிற என் அம்மா வீட்டுக்குப் போய், அங்கே கட்டிக் கிடந்த பசுவைப் போட்டோ எடுத்து வந்து போர்டில் வைத்தேன். அந்தப் பசுவுக்கு இடது காது நாய் கடித்துக் கிழிந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டேன். நிஜப் பசு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று எனக்கு ஒரு கர்வம்.

பிறகு மெதுவாக ஒரு வறட்சி தொடங்கியது. ஒரு முறை வந்தவர் மறுமுறை வரவில்லை. போர்டு என்பது வெயிலில் வெளுத்துக் கிழிகிற சாமான். ஒன்றிரண்டு வருடத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும். தீபாவளித் தள்ளுபடி பேனர், மகளுக்குக் காதணி விழா, கடைக்கு இரண்டாவது கிளை என்று ஒரு வாடிக்கையாளர் கையில் இருந்தால் பத்து வேலை பின்னால் வரும். அந்தப் பின்னால் வருகிற வேலைதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு. அது நின்றுபோனது. நான் கண்ணேறு என்றேன். பிறகு என் வீட்டுக்காரரின் வாய்தான் காரணம் என்றேன். அவர் கொஞ்சம் வெடுக்கென்று பேசுவார், வேலை நடக்கும்போது யாராவது கீழே நின்று யோசனை சொன்னால் நீங்களே ஏறுங்கள் என்று இறங்கி வந்துவிடுவார். "உன் மூஞ்சப் பாத்துத்தான் ஒருத்தனும் திரும்ப வரமாட்டேங்கிறான்" என்று ஆட்கள் முன்னாலேயே சொன்னேன். அன்றிலிருந்து யாராவது கடைக்குள் வந்தால் அவர் பின்பக்கமாக வெளியே போய்விடுவார். அந்தப் பாவமும் மெஷின்காரர் தலையில்தான் விடிய வேண்டும். நான் சுமக்கிற உத்தேசம் இல்லை.

ஒரு தைப்பூசத்துக்குச் செட்டிகுளம் போனபோது பஸ்ஸிலிருந்து இறங்கினேன். எதிரே புதிதாக ஒரு தீவனக் கடை. அதன் போர்டில் காது கிழிந்த எங்கள் பசு நின்றுகொண்டிருந்தது. நான் அடித்துக் கொடுத்த போர்டு இல்லை. நிறம் வேறு, அளவு வேறு, ஆனால் பசு என் அம்மாவுடையது. உள்ளே போனால் அதே கடைக்காரர், கல்லாவில் உட்கார்ந்திருந்தார். இது அவருடைய இரண்டாவது கிளை. என்னைப் பார்த்து அவர் கூச்சப்படவே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முதல் போர்டு மாட்டிய வாரத்திலேயே அரியலூரிலிருந்து போன் வந்ததாம். உங்கள் போர்டை அச்சடித்தது நான்தான், அந்தப் பெண் நடுவில் நின்று கமிஷன் அடிக்கிற புரோக்கர், எனக்குக் கொடுத்தது இவ்வளவு, உங்களிடம் வாங்கியது எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த முறை நேராக வாருங்கள் என்று மெஷின்காரர் விவரமாகச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கொடுக்கிற ரேட்டையும் மறைக்கவில்லை. "துணி அவரு அடிக்கிறாரு. நடுவுல நீங்க என்னாதாம்மா பண்றீங்க?" என்று கடைக்காரர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். தலைக்கு மேலே என் பசு நின்றுகொண்டிருக்கும்போது கேட்டார்.

கோயிலுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸைப் பிடித்து, மாறி ஏறி, அரியலூர் போனேன். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு வாடிக்கையாளராக நினைத்துப் பார்த்தேன். ஒரு கடை போர்டில் என்ன இருக்கும்? கடையின் பெயர், ஊர், உரிமையாளர் பெயர், போன் நம்பர். அத்தனையும் நானே டைப் அடித்து, எழுத்துப் பிழை பார்த்து, முழு ஃபைலாக அந்த மனுஷனுக்கு அனுப்பியிருக்கிறேன். மளிகைக்கடைக்காரர் தன் வாடிக்கையாளரின் நம்பரை மொத்த வியாபாரியிடம் கொடுப்பாரா? போர்டு கடைக்காரர்கள் மட்டும்தான் இதைச் செய்வோம். செய்கிறோம் என்பதே தெரியாமல் செய்வோம். அரையடித் துணியை விட்டுக்கொடுத்து அவர் என் கடையை வாங்கிக்கொண்டிருந்தார், நான் அவரைத் தரும ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மை வாடை மூக்கில் ஏறியது. அவர் மகன், காலேஜ் முடித்துவிட்டு அப்போதுதான் கல்லாவில் உட்காரப் பழகியிருந்தவன், "வாங்க அத்தே" என்று நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். மெஷின்காரர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. எனக்கு டீ சொல்லி அனுப்பினார். பிறகு மெஷினில் ஓடிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் போர்டைக் காட்டினார். "ஊரு பாக்கணும்னுதானே தங்கச்சி போர்டுல நம்பர் போடுற? நானும் ஊருல ஒருத்தன்தானே. பாத்தேன், பேசுனேன்" என்றார். கடை நடத்த முடியாவிட்டால் இங்கேயே வந்து டிசைன் பண்ணு, மாதச் சம்பளம் போட்டுத் தருகிறேன், வீட்டுக்காரருக்கும் ஏணி வேலை தருகிறேன் என்றும் சொன்னார். அதையும் தங்கச்சி என்று கூப்பிட்டே சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றோடு அவருக்கு ஃபைல் அனுப்புவதை நிறுத்தினேன். பெரம்பலூரில் ஒரு மெஷினைப் பிடித்தேன். அங்கே அரையடிக்கும் காசு, ரேட்டும் அதிகம். நம்பர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்து வாங்குவேன். பிறகு நம்பரை ஸ்டிக்கரில் வெட்டி, கடைக்குள் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாக ஒட்டுவேன். அதற்கு ஒரு மணி நேரம், அதற்கு ஒரு கூலி. ரேட் ஏறியது. அரியலூரில் இதைவிட எவ்வளவோ குறைவு என்று சொல்லிவிட்டு ஆட்கள் பைக்கைத் திருப்பினார்கள். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வெல்டிங் வைக்கப் போனார். கடை சாகவில்லை, பிழைக்கவும் இல்லை. ஐ.சி.யூ.வில் வைத்த மாதிரி கிடந்தது. சுற்றுப்பட்டில் என்னைப் போல இன்னும் சிலரை அவர் அதே தங்கச்சி, அதே தம்பி, அதே விபூதிப் பொட்டலத்தோடு முடித்துக் கட்டினார் என்று கேள்விப்பட்டேன். ஒருவர் கடையை மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். மெஷின்காரர் இரண்டாவது மெஷின் வாங்கினார்.

போன வருடம், பொழுது விடிந்து சற்று நேரத்தில் என் போன் அடித்தது. அவருடைய மகன். அழுது முடித்த தொண்டை. "அத்தே, அப்பா தவறிட்டாங்க. ஒரு அஞ்சலி பேனர் வேணும். பொணம் வூட்டுல கெடக்கையில மெஷின ஓட்டக் கூடாதுங்கறாங்க பெரியவங்க" என்றான். மாரடைப்பு. அரியலூரில் மற்ற மெஷின்காரர்களிடம் கேட்கலாமே என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எல்லோருடைய வாடிக்கையாளரையும் இழுத்த வீட்டுக்கு யார் அடிப்பார்கள்? என் நம்பர் அவனிடம் இருந்தது, அத்தை என்ற முறையும் இருந்தது. ரேட் எவ்வளவு என்று கேட்டான். எங்கள் தொழிலில் அஞ்சலி பேனருக்கு யாரும் பேரம் பேசுவதில்லை, சாயங்காலம் எடுக்கிற பிணத்துக்கு மத்தியானத்துக்குள் பேனர் வேண்டும், கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். அவன் கேட்டபோது ஒரு நிமிடம் யோசித்தேன். எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பிறகு, காசெல்லாம் வேண்டாம், அண்ணனுக்கு நான் செய்கிற கடைசிக் காரியம் என்றேன். மறுமுனையில் அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

அந்தப் பேனரை நான் செய்த மாதிரி என் வாழ்நாளில் எதையும் செய்ததில்லை. மகன் அனுப்பிய போட்டோவில் அவர் அதே சிரிப்போடு இருந்தார். முகத்தில் வெளிச்சம் ஏற்றி, நெற்றி விபூதியைப் பளிச்சென்று துலக்கிவிட்டேன். கறுப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்து. அளவு, பத்தடிக்கு எட்டடி. பேனர் செய்கிற கடையின் பெயரையும் நம்பரையும் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் போடுவது எங்கள் வழக்கம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நான் அதைப் பொடி எழுத்தில் போடவில்லை. கறுப்பில் மஞ்சள் எடுப்பாகத் தெரியும் என்பதால் மஞ்சளில் போட்டேன். குறைந்த விலைக்கு அச்சடித்துத் தரப்படும் என்று ஒரு வரியும் சேர்த்தேன். பெரம்பலூரில் அச்சடித்து வாங்கி, என் வீட்டுக்காரரை வேலையிலிருந்து கூப்பிட்டு, ஒரு வேன் பிடித்து நாங்களே கொண்டுபோனோம். பந்தல் வாசலில், உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் பார்த்தே ஆக வேண்டிய இடத்தில், என் வீட்டுக்காரர் ஏணி போட்டு மாட்டினார். கீழே நின்று ஒருவர் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளச் சொன்னார். அவர் முணுமுணுக்காமல் தள்ளினார்.

மாலையோடு வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பேனர் முன்னால் நின்றார்கள். கடைக்காரர்கள், மண்டபக்காரர்கள், லாரி கான்ட்ராக்டர்கள், எல்லோரும் அவருடைய வாடிக்கையாளர்கள். முகத்தைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், கண் கீழே இறங்கியது. மகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சொந்த அத்தைகூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றான். நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அழ முயன்றேன், வரவில்லை. வராததில் எனக்கு வருத்தமும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அந்தப் பேனரை அவர்கள் கழற்றவில்லை. அதற்குள் கடையை யார் பார்ப்பது, மெஷினை விற்பதா வைப்பதா என்று அந்த வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆனால் நான் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே, பந்தலுக்கு வெளியே வேன் பக்கத்தில் நான் நின்றிருந்தபோது என் போன் அடித்தது. புது நம்பர். அரியலூரில் மண்டபம் வைத்திருக்கிறாராம், சதுர அடி என்ன ரேட் என்று கேட்டார். பறைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, அளவு எவ்வளவு அண்ணே என்று கேட்டேன்.