சொல்லின் நடுவே அரைப்புள்ளி

அலுவலகத்தில் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிட்டோம், முகத்துக்கு நேராகவே. அவளும் திரும்பிப் பார்ப்பாள். அச்சு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் தருவிக்கும் கம்பெனி எங்களுடையது. வருகிற மின்னஞ்சல் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே, ஏ.சி. போட்ட சின்ன அறையில் இருந்த சர்வருக்கு வந்து சேரும். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வெயில் காலத்தில் எங்களுக்கு மின்னஞ்சலைப் பற்றி நிறைய சந்தேகம் வரும். அந்த அறைக்குப் போய் நின்று கேட்போம்.

குப்பை அஞ்சல்கள் கொட்டிய காலம் அது. ஒவ்வொரு அஞ்சலையும் சர்வர் வெளியே இருக்கும் ஒரு சின்ன நிரலிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். நிரல் படித்துப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு முடிந்துபோகும். பூஜ்யம் என்றால் உள்ளே விடு, ஒன்று என்றால் ஒதுக்கு. பூஜ்யம்தான் நல்ல சேதி என்பதை எங்கள் கணக்கர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "என் தம்பி இதை ஸ்கூல்லயே கண்டுபிடிச்சிட்டான். கணக்குல எப்பவும் பூஜ்யம்தான்" என்பாள் சல்லடை.

அவளே எழுதிய நிரல் ஒன்று இருந்தது. சொற்களின் நடுவே அரைப்புள்ளி மலிந்திருந்தால் அஞ்சல் வெறும் உளறல் என்பது அதன் கணக்கு. ஒதுக்கியதை அவள் திருப்பி அனுப்பவும் மாட்டாள். திருப்பினால் இங்கே ஆள் இருப்பது தெரிந்துபோகும், வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பதில் என்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒதுக்கியவற்றை ஒரே தட்டில் அழித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

வீட்டிலும் அவள் சண்டை போடும் விதம் அதுதான், வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்கு இருந்தது அந்தத் தம்பி மட்டும். மேலாளரிடம் கெஞ்சி எங்கள் கிடங்கிலேயே அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதை உதறிவிட்டுக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போய்விட்டான். கிளம்பிய அன்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே கொஞ்ச நேரம் நின்றானாம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாளாம்.

அதன்பின் ஒரு சேதியும் இல்லை. அவள் வீட்டில் தொலைபேசி கிடையாது. அவனுக்குத் தெரிந்த மின்னஞ்சல் முகவரி இந்த அலுவலக முகவரி ஒன்றுதான். காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல் தன் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். நீயே எழுதேன் என்று டைப்பிஸ்ட் அக்கா சொன்னதற்கு, எந்தக் கப்பல் என்று கேட்டால்தானே தெரியும் என்றாள். கேட்டிருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தான் அனுப்பிய ஆர்டர் போய்ச் சேரவில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் போனில் கத்தினார். அன்று அவள் ஒதுக்கியவற்றை அழிக்காமல் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று ஏ.சி. காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு தலைப்பில் கை நின்றது.

mf;fh.

எனக்கு அது உளறலாகத்தான் தெரிந்தது. அவள் விரல்கள் மேசைமேல் அந்த விசைகளைத் தட்டிப் பார்த்தன. அன்றெல்லாம் தமிழில் எழுத ஆளுக்கோர் எழுத்துரு. அது இல்லாத கணினியில் தட்டிய விசைகள் மட்டும் ஆங்கில எழுத்துகளாய் நிற்கும். m என்றால் அ. f என்றால் க. அரைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. மதிய இடைவேளைகளில் இதே மேசையில் அக்காவும் தம்பியும் சேர்ந்து பழகிய விசைகள்.

"அக்கான்னு போட்டிருக்கான்" என்றாள்.

சர்வரில் அந்த எழுத்துரு கிடையாது. விசை விசையாகக் கூட்டிப் படித்தாள். "ரெண்டு தடவை எழுதிட்டேன். கப்பல் நம்ம துறைமுகத்துக்கு வருது. வீட்டுக்கு வரட்டுமா, வேண்டாமா? பதில் இல்லேன்னா புரிஞ்சுக்கறேன்."

முதல் இரண்டும் எந்த வெள்ளிக்கிழமைகளில் போயினவோ. அவள் மேலே மேலே தள்ளித் தேடினாள். பிறகு கையை மடியில் துடைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்தாள். நிறைய எழுதினாள், நிறைய அழித்தாள். கடைசியில் மிஞ்சியது இரண்டு விசைகள்: th. அதாவது, வா. அதில் அரைப்புள்ளியே வரவில்லை.

வந்தான். தாடி வைத்திருந்தான். யார் வேண்டும் என்று வாசலில் மறித்த டைப்பிஸ்ட் அக்காவிடம், சல்லடை இருக்காங்களா என்றான். அவள் வெளியே வந்தாள்.

"ஒத்தை எழுத்துல பதில் போடறியே, கஞ்சப்பிசினாறி."

"சாப்டியா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் நிரலின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள். தலைப்பில் mf;fh இருந்தால் மேற்கொண்டு பார்க்காதே, பூஜ்யம். குப்பை அனுப்புகிறவனும் அக்கா என்று கூப்பிட்டால் என்ன செய்வாய் என்று கணக்கர் மடக்கினார்.

"கூப்பிட்டா உள்ள வரட்டும், சார்."

இப்போது அந்த அறை என் பொறுப்பு. எல்லோரும் தமிழைத் தமிழாகவே அனுப்புகிறார்கள். வருகிற ஒவ்வோர் அஞ்சலிலும் அந்த வரி தன் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு வழிவிடுகிறது. அந்தச் சொல் கடைசியாக அகப்பட்டுப் பல வருஷம் ஆகிறது. சர்வர் மாற்றும் போதெல்லாம் அதையும் எடுத்துப் போய் வைப்பேன். இந்தத் தடவை நீக்கிவிடலாமா என்று அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தம்பி வீட்டில் இருந்தாள். பின்னால் அவன் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தான்.

"அது உன்கிட்ட சோறா கேக்குது?" என்றாள். "ஓரமா கெடந்துட்டுப் போகட்டும்."