நார்த்தை மரத்தில் கட்டிய நூல்

நெல்மணியை விடச் சின்னதான ஒரு பூச்சி என் படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டியது. எழுபதுகளின் நடுவில் அது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. எம்.எஸ்ஸி. விலங்கியலில் கடைசி வருஷம். "ரெண்டு வருஷம் படிக்கட்டும், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது" என்று மாமியார் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பேச்சு வந்தாலே என் கணவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொள்வார்.

எங்கள் கொல்லையில் ஒரு நார்த்தை மரம் இருந்தது. அதன் கொழுந்து இலைகளைக் குடையும் அந்துப்பூச்சியைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தேன். முட்டையிலிருந்து வரும் புழு இலையின் தோலுக்கு அடியிலேயே புகுந்துவிடும். வெளியே தலைகாட்டாது. சாற்றைக் குடித்தபடி வளைந்து வளைந்து போகும். அது போன வழி, நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளிக் கோடாகத் தெரியும். கடைசியில் இலை விளிம்புக்கு வந்து, பட்டிழை விட்டு விளிம்பை மடித்து, அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகப் படுத்துவிடும். இதையெல்லாம் எழுதி, படமும் வரைந்து கொண்டுபோனேன். பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடல்ட் எவிடெ, குட்டீ?" என்றார். வளர்ந்த பூச்சி இல்லாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதைத் தவறவிட்டால் இன்னொரு வருஷம். எனக்கு இன்னொரு வருஷம் கிடையாது.

பூச்சியை வளர்க்க நான் முயலாமல் இல்லை. மடிந்த இலைகளைப் பறித்து ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, வாயில் மல்துணி கட்டி, சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தேன். பாதி இலைகள் காய்ந்து, உள்ளே இருந்ததும் காய்ந்தது. மீதியிலிருந்து வந்தவை கறுப்பாக, எறும்பில் பாதி இருக்கும் குளவிகள். என் புழுவை உள்ளிருந்தே தின்றுவிட்டு ஒன்றும் தெரியாதவை போல வெளியே வந்தன. ஒவ்வொரு நாள் காலையும் ஆசையாகப் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் குளவி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கடைசியில், இலைகளை மரத்திலேயே விட்டு, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை முற்றவைப்பது என்று முடிவு செய்தேன். புதிதாக ஓரம் மடிந்த இலைகள் இருந்த கிளைகளுக்கு அடையாளமாக வெள்ளை நூல் கட்டினேன்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தபோது, மரத்தின் அடியில் குங்குமம் வைத்திருந்தது. சமையலறையில் மாமியார் எனக்கு முதலில் காபி கொடுத்தாள். அந்த வீட்டில் அது நடக்காத விஷயம்.

"எந்தக் கோயிலுக்கு வேண்டிண்டே?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"மறைக்காதேடி. மரத்துல நூல் கட்டியிருக்கியே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் புரிந்தது. குழந்தை வேண்டி மரத்தில் நூல் கட்டும் பெண்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த மரத்தை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு வருஷமாகத் தெருவே என் வயிற்றைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்திருந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"அது புழுவுக்குக் கட்டினதும்மா. குழந்தைக்கு இல்லை" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முகத்தைத் திருப்பாமலே, "நாளைக்கு இலை பறிக்கணும். அவ வியாழக்கிழமை ரயிலேறறா" என்றாள். அவ என்றது லீவுக்கு வந்திருந்த என் நாத்தனாரை. பம்பாய்க்குத் திரும்பும்போதெல்லாம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு டப்பா வேப்பிலைக்கட்டி போகும். பெயர்தான் வேப்பிலை. இடிப்பதெல்லாம் நார்த்தை இலை, அதுவும் முற்றாத இலை. புழுவுக்கும் அதுதான் வேண்டும். "நூல் கட்டின கிளையை மட்டும்..." என்று ஆரம்பித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. வீட்டில் இருக்க வழியில்லை. கரப்பான்பூச்சியை அறுத்து நரம்பை எடுத்துக் காட்ட வேண்டும். அவசரத்தில் நரம்பு அறுந்தது. என் மனசெல்லாம் கொல்லையில் இருந்தது. வேப்பிலைக்கட்டிக்கு இலை ஆயும்போது சுருண்ட இலையை ஒதுக்கி வெந்நீர் அடுப்பில் போடுவது அவள் வழக்கம். எனக்கு வேண்டியது அந்தச் சுருண்ட இலைதான்.

கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். தெருவில் நுழையும்போதே உலக்கைச் சத்தம் கேட்டது. மிளகாயும் பெருங்காயமும் சேர்ந்த நெடி. செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடினேன்.

மரம் மொட்டையாக நின்றது. வெந்நீர் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அங்கங்கே சில கிளைகளில் மட்டும் இலை இருந்தது. எல்லாம் நூல் கட்டிய கிளைகள். ஒரு இலைகூடக் குறையவில்லை.

மடிப்புகளுக்குள் கூட்டுப்புழுக்கள் கறுத்து முற்றியிருந்தன. இனி இலை காய்ந்தாலும் கவலையில்லை என்று அன்று சாயங்காலமே பறித்துப் பாட்டில்களில் போட்டேன். வியாழன் காலை இரண்டு பாட்டில்களில் குளவி. வெள்ளிக்கிழமை விடியும்போது மூன்றாவதில், மடிப்பைக் கிழித்துக்கொண்டு பாதி வெளியே நீட்டியிருந்த காலிக் கூட்டுக்குப் பக்கத்தில், அது உட்கார்ந்திருந்தது. வெள்ளி நிறம். இறகு நுனியில் மை தொட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. ஓரமெல்லாம் மெல்லிய குஞ்சம். நான் போட்ட சத்தத்தில் மாமியார் ஓடி வந்தாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இத்தனூண்டா!" என்றாள். அவ்வளவுதான்.

பேராசிரியர் அன்று மத்தியானம் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்த கையோடு நூல்களை அவிழ்க்கப் போனேன். வெள்ளை நூல்களையெல்லாம் எடுத்த பிறகு, சுவரோரக் கிளையில் இன்னொன்று இருந்தது. மஞ்சள் தடவிய நூல். நான் கட்டியதில்லை. அந்தக் கிளையின் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிலும் வெள்ளிக் கோடு இல்லை. முடிச்சில் கை வைத்தபோது கிணற்றடியிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அதை விட்டுடு. அது புழுவுக்குக் கட்டினதில்லை."

கையை எடுத்துக்கொண்டேன்.