வெளிமானுக்குத் தெரிந்த தமிழ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை மற்றவர்கள் சொன்னால் சண்டைக்குப் போவேன், நானே சொல்லிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட என்னைத் தொண்ணூறுகளின் கடைசியில், டெல்லிக்கு வெளியே ஓர் இனப்பெருக்கத் தோட்டத்துக்குக் குமாஸ்தாவாக மாற்றினார்கள். மிருகக்காட்சி சாலையைச் சேர்ந்த இடம்தான், ஆனால் வேடிக்கை பார்க்க யாரையும் விடமாட்டார்கள். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அங்கே முறுக்குக் கொம்பு வெளிமான்களைப் பெருக்கி, அவை அற்றுப்போன புல்வெளிகளில் கொண்டுபோய் விடுவார்கள். வேலிக்குள் பிறந்தது வெளியே போய் எப்படிப் பிழைக்கும்? நரியென்றால் என்னவென்று அதற்கு யார் சொல்லித்தருவார்கள்? கேட்டுக் கேட்டு முதல் வாரத்திலேயே டாக்டரின் உயிரை வாங்கிவிட்டேன். மிருக வைத்தியரான அந்தப் பஞ்சாபிக்காரர் பொறுமைசாலி.

மான்களின் வம்சப் பதிவேடு என் மேஜையில் இருந்தது. எதற்கு எது அப்பன், எது தாத்தா என்று கிளை கிளையாக எழுதியிருக்கும். ஜோடி சேர்க்குமுன் டாக்டர் அதை விரித்துவைத்துக்கொண்டு, நெருங்கிய உறவாக இருந்தால் வேண்டாமென்று தள்ளிவிடுவார். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் குட்டிகள் நோஞ்சானாகிவிடுமாம். எங்கள் ஊரில் உறவுக்குள் மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்றால்தான் வெளியே தேடுவார்கள் என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் கட்டிக்கொண்டதே அத்தை மகனைத்தான் என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு பெண் குட்டியைத் தாய் ஒதுக்கிவிட்டது. புட்டிப்பால்தான் கதி. காட்டுக்குப் போகவேண்டிய குட்டி என்பதால் கட்டுப்பாடுகள் பலமாக இருந்தன. தடவக் கூடாது. முகம் காட்டக் கூடாது. தகரத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஓட்டை வழியாகப் புட்டியை நீட்டவேண்டும். முக்கியமாக, பேசக் கூடாது. மனிதக் குரலும் பாலும் ஒன்றாக வந்தால், குரல் வரும் பக்கமெல்லாம் அது போகும். அப்படிப் போகிற மான் முதல் வேட்டைக்காரனுக்கே சாப்பாடாகிவிடும் என்றார் டாக்டர். பால் கொடுத்துவந்த பணியாள் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக, அந்த வேலை என் தலையில் விழுந்தது. இருபது நாள் என்று போன புண்ணியவான் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தார்.

நான் எல்லாக் கட்டுப்பாட்டையும் மதித்தேன். மனித வாடை தெரியாமலிருக்கச் சாணி வாடை அடிக்கும் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டேன், முகத்தை மறைத்துக்கொண்டேன். பேசவும் இல்லை என்றுதான் சத்தியமாக நினைத்திருந்தேன். ஆனால் வாய் அதுபாட்டுக்கு, "ஏட்டி, பசிக்குதாட்டி? மெதுவா குடி தாயி, யாரும் பிடுங்கிட்டுப் போகமாட்டாவ" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

டெல்லித் தமிழர்களுக்குத்தான் இந்தக் கிறுக்குத்தனம் புரியும். அங்கே பேசுவது என்றால் இந்தியில் பேசுவது. தமிழ் யார் காதிலும் விழாது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. பஸ்ஸில் எதிரே நிற்கிறவரின் தொப்பையைப் பற்றி அவர் முன்னாலேயே சத்தமாக விமரிசனம் செய்வோம். அந்தப் பழக்கத்தில், மானுக்கும் காது இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குட்டி வளர்ந்தது. அடுத்த குளிர்காலத்தில் பன்னிரண்டு மான்களைப் பாலைவன ஓரத்துப் புல்வெளி ஒன்றுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அதற்கு முன் ஒரு சோதனை. புது ஆள் ஒருவர் வேலியை நோக்கி நடப்பார். எந்த மான் எத்தனை அடியில் மிரண்டு ஓடுகிறது என்று டாக்டர் குறித்துக்கொள்வார். என் குட்டிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் பறந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் டீ குடிக்கப் போனதும் வேலியோரம் போய், "சபாஷ்டி என் ராசாத்தி!" என்றேன். தூரத்தில் நின்றது காதை நிமிர்த்தியது. அடுத்த நிமிஷம் நேராக என்னிடம் ஓடிவந்து, கம்பி வழியாக மூக்கை நீட்டியது.

யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். டாக்டரிடம் சொன்னால் அதன் ஆயுசு முழுக்க இந்த வேலிதான். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? போகிற இடத்தில் தமிழுக்கு எங்கே போவது? இப்படியே மனதைத் தேற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். சாயங்காலக் காப்பியின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏளா, எந்தப் பாலைவனத்துக்கு வேணாலும் போ, அங்க ஒரு தமிழன் டீ குடிச்சுக்கிட்டு நிப்பான். நீ சொல்ற இடத்துக்குப் பக்கத்துலயே பட்டாளத்து முகாம் இருக்கு. நம்ம ஊர்ப் பயலுவ எத்தனை பேர் கிடக்கானுவளோ!"

அவருக்கு அது வேடிக்கை. எனக்குக் காப்பி இறங்கவில்லை. யாரோ ஒருவன் வழியில் நின்று "ஏலே, இங்க வா" என்று சிநேகிதனைக் கூப்பிடுகிறான், என் குட்டி துள்ளிக்கொண்டு போகிறது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் இதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவார் என்று பயந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அச்சா" என்று மட்டும் சொல்லி, என்னை வேலிக்கு அழைத்துப்போனார். பன்னிரண்டும் எதிர்க்கோடியில் மேய்ந்துகொண்டிருந்தன. பேசச் சொல்லிக் கை காட்டினார். வராதே, வராதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே, "ஏட்டி" என்றேன். பதினொன்று மிரண்டு ஓடின. ஒன்று என்னிடம் வந்தது.

டாக்டர் பட்டியலில் ஒரு கோடு கிழித்தார்.

மூன்றாம் நாள் லாரி பதினொரு மான்களோடு கிளம்பியது. தன் கூட்டம் போன திசையைப் பார்த்தபடி என் குட்டி வேலிக்குள் தனியாக நின்றது. டாக்டர் பக்கத்தில் வந்து, கோபமே இல்லாமல் இந்தியில் சொன்னார்: "இனிமேல் தடை ஒன்றும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் அதனிடம் பேசுங்கள்."

"ஏட்டி" என்றேன். அது ஓடிவந்து கம்பியோரம் காதை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.