வசனம் இல்லாத அட்டை

அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். வசனம் தேட, அவருடைய தடித்த விவிலியச் சொல்லடைவை எடுத்தேன். மூக்குப்பொடி வாசத்தோடு அது தானாகவே ‘மகள்’ என்ற பக்கத்தில் விரிந்தது.

பாலக்கரையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அட்டைக்கு வசனம் கேட்டு அப்பாவிடம்தான் வருவார்கள்.

“அவங்க எப்படிப்பட்டவங்க, சொல்லுங்க” என்பார். அவர்கள் பேச்சிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, விவிலியத்தில் அது வரும் இடங்களையெல்லாம் சொல்லடைவில் பார்ப்பார். மூல மொழியில் அதற்கு என்ன பொருள் என்று அகராதியையும் புரட்டுவார். பிறகுதான் எழுதிக் கொடுப்பார்.

என் தங்கை ஜூலி காய்ச்சலில் போனபோதும் தன் நாற்காலியில் அதே புத்தகத்தோடு உட்கார்ந்தார். நாள் கணக்கில் இந்த ‘மகள்’ பக்கத்தைத் தாண்டவேயில்லை. கடைசியில் அம்மாதான் வந்து புத்தகத்தை மூடினாள்.

“போதும்ங்க. பேரு மட்டும் போடுங்க.”

இப்போது அச்சகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது.

“என்ன வசனம் சார் போடணும்? அப்பா எப்பவும் சட்டுனு எழுதி அனுப்பிடுவாங்களே.”

விரல் இன்னும் ‘மகள்’ மேலேயே இருந்தது.

“பேரு மட்டும் போடுங்க” என்றேன்.