காய்ந்து கிடந்த வாளி

திருமண நாளுக்கு லண்டன் டூட்டிங்கிலிருந்து கென்ட் பக்கம், சின்னச் சின்ன வைன் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் போனோம். கார் ஓட்டியது என் கணவர். எனக்கு ஓட்டத் தெரியாது. அவருக்கு டாக்சிதான் தொழில். லைசென்ஸ் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

வைனை ருசி பார்ப்பவர்கள் விழுங்காமல் துப்புவதற்கென்றே மேசையில் வாளி வைத்திருப்பார்கள். "நான் துப்பிப்போடுவன், பயப்படாதையும்" என்றார்.

மூன்றாவது தோட்டத்தில் எனக்குச் சந்தேகம் தட்டியது. வீட்டில் பத்துச் சொல் பேசாத மனிதர், தோட்டக்காரப் பெண்ணிடம் எங்கள் கல்யாணக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மெல்ல வாளியை எட்டிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"இஞ்சரப்பா, எங்க துப்பினனீங்கள்?"

"அந்த மனுசி தன்ர கையால ஊத்தித் தருது. முகத்துக்கு முன்னால துப்பிறதே? மரியாதை இல்லை."

"மற்ற ரெண்டு இடத்திலயும்?"

அவர் கையிலிருந்த கிளாஸை மெல்ல மேசையில் வைத்தார்.

"பொலிஸ் மறிச்சா அவங்களுக்கும் உந்த மரியாதையைச் சொல்லுங்கோ!" என்று சாவியைப் பிடுங்கினேன்.

காரை அங்கேயே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழியில், வளைவொன்றில் பொலிஸ்காரர் ஒவ்வொரு காராக மறித்து ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் தோட்டத்துக்குள் நுழையும்போதே, "இவர்தான் டிரைவர், திராட்சைச் சாறு மட்டும் கொடுங்கள்" என்று நானே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிச் சொட்டு வரை மரியாதையாகக் குடிக்கிறார்.