அத்தான் தொட்ட வண்டி

அப்பா அந்த வண்டியின் சாவியை என்னைத் தாண்டித்தான் அத்தானிடம் நீட்டினார். நான் அப்பாவின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அத்தான் கொட்டகை வாசலில், வேட்டியில் கிரீஸ் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். அப்பாவின் கை என் சட்டையை உரசிக்கொண்டு போனது. "ஓடாத வண்டிதான் மாப்பிள்ளை. ஒங்களுக்குப் புடிச்சிருந்தா பாருங்க" என்றார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் முடித்துவிட்டு, வந்த வேலைகளையெல்லாம் தட்டிக்கழித்து, அந்த வண்டிக்காகவே காரைக்கால்மேட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். அது அப்பாவுக்குத் தெரியும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் பிக்கப் அது. ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் கழித்துக்கட்டியதை அப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். கரைக்கு வரும் படகுகளை மணலில் மேலே இழுத்துப் போடுவதும், ஏலக்கூடத்துக்கு ஐஸ் ஏற்றிப் போவதும் அதன் வேலை. துருப்பிடிக்கும் போதெல்லாம் படகுக்கு அடித்து மிஞ்சிய நீல பெயின்டையே அதற்கும் அடிப்பார்கள். சுனாமி அலை வந்த அன்று அது அடித்துக்கொண்டு போய் ஒரு பனைமரத்தில் மோதிக் கிடந்தது. அலை எங்கள் ஊரில் எடுத்துக்கொண்டவற்றை நினைத்தால், வண்டியைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வராது. ஒரு வருடத்துக்குப் பிறகு நான்தான் அதைக் கொட்டகைக்கு இழுத்துவந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து படங்களைப் பார்த்துப் பார்த்து, எந்தத் துண்டு எங்கே போகும் என்று மனப்பாடம் செய்தேன். எனக்கு அந்த வண்டியைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. இந்த வீட்டில் வண்டியைப் பற்றித் தெரிந்தவன் என் மகன் என்று அப்பா ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

அத்தான் கருக்களாச்சேரிக்காரர். வளைகுடாவில் பாலைவனத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். உயரம், சிரிப்பு, சென்ட் அடித்த சட்டை. கொடுவா மீன் குழம்பு வைத்தால் தலை எனக்கு என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். அவர் விருந்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலை என் கண்முன்னே அவர் இலைக்குப் போனது. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் நான் மீனையே தொடவில்லை. அடுத்ததாக வண்டியும் போனது.

அவர் ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். பழைய வலையை விரித்து, அதன்மேல் நான் கழற்றி வைத்திருந்த துண்டுகளைப் பரப்பினோம். மணலும் உப்பும் ஏறி எல்லாமே ஒரே மாதிரி கிடந்தன. நான் ஒன்றை எடுத்து, "இது ஸ்டீயரிங் நக்கிள்" என்பேன். அவர் வாங்கிக் கட்டை விரலால் தடவி, "ஆமா மச்சான், இடது பக்கத்துது" என்பார். நான் பெயர் சொன்னால் அவர் பக்கம் சொல்வார். நான் பக்கம் சொன்னால் அவர் அது எதனால் தேய்ந்தது என்று சொல்வார். ஒரு குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது போட் இன்ஜின் குழாயாச்சே, வண்டிக்கு நீச்சல் கத்துக்குடுத்தீங்களா?" என்று கேட்டார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதே குழாயை ஆறு மாதம் முன்னால் நான் காட்டியபோது, "எடுத்துப் போடுடா அந்தாண்ட" என்றுதான் சொல்லியிருந்தார்.

பனைமரத்தில் மோதியதில் முன்னச்சு வளைந்துபோயிருந்தது. திருச்சிப் பக்கம் ஒரு காயலான் கடையில் அத்தான் வேறொன்றைப் பார்த்து வாங்கிவந்தார். பார்க்க அச்சு அசலாக அதேதான். ஆனால் இந்த மாதிரி வண்டியில் வெளித்தோற்றம் போதாது. முன்னச்சுக்குள் சக்கரத்தைச் சுற்றிவிடும் கிரவுன் என்கிற பல்சக்கரத்திலும் பின்னச்சுக்குள் இருக்கும் கிரவுனிலும் பல் ஒரே கணக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் ஒரு வேகத்திலும் பின்சக்கரம் ஒரு வேகத்திலும் சுற்றப் பார்க்கும். மணலில் அது தெரியாது, சக்கரம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் சக்கரம் வழுக்காது, எதையாவது முறித்துவிட்டுத்தான் ஓயும். நான் இரண்டு அச்சுகளின் சக்கரத்திலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஷாஃப்டை ஒரே அளவு சுற்றிப் பார்த்தேன். கோடுகள் ஒரே இடத்தில் வந்து நிற்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். "பழைய அச்சு, உள்ள லூசா இருக்கும் மச்சான். மாட்டுனா செட்டாயிடும்" என்றார்.

"செட்டாவாது அத்தான். பல்லே வேற."

அப்பா என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை சொன்னதை மாமனார் வீட்டில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை, அதுவும் முதல் வருடத்தில். அவர் முகம் கோணினால் பெண்ணின் பெட்டி திரும்பி வந்துவிடும் என்று பயம். "ஒரு பல்லுக்காக ஒங்கக்கா வாழாவெட்டியா வந்து நிக்கணுமாடா?" என்றார் அப்பா. உள்ளே அக்கா, நானாவது திரும்பி வந்து நிற்பதாவது என்கிற மாதிரி, புருஷனுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

வண்டி தயாரான நாளில் கடற்கரையில் ஊரே கூடியது. அத்தான் நான்கு சக்கரத்துக்கான லீவரைப் போட்டு, ஃபைபர் படகு ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்தார். ஈர மணலில் படகு பூனைக்குட்டி மாதிரி பின்னாலேயே வந்தது. விசில் பறந்தது. பஞ்சாயத்தார் ஒருவர் அப்பாவிடம், "மாப்பிள்ளைன்னா இப்புடி அமையணும்ப்பா" என்றார். நான் அத்தானின் ஜன்னலருகே ஓடி, "ரோட்டுக்கு ஏறும்போது லீவர எடுத்துருங்க அத்தான்" என்றேன். விசில் சத்தத்தில் அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தார். அவர் ஓட்டிப் பழகிய புது வண்டிகளில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுத்துக்கொண்டேதான் இருக்குமாம். பல் மட்டும் ஒத்திருந்தால், லீவரை எடுக்காவிட்டாலும் அந்தக் கொஞ்ச தூரம் தாங்கியிருக்கும். வண்டி தார் ரோட்டில் ஏறியது, கூட்டமும் பின்னாலேயே ஓடியது. கோயில் வளைவு வரைக்கும் முனகிக்கொண்டே போனது. பிறகு அடியில் ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. சந்தோஷம்தான், வேறென்ன.

அத்தான் இறங்கினார். வெள்ளை வேட்டியோடு கொதிக்கும் ரோட்டில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தார். முன் ஷாஃப்டின் ஜாயின்ட் முறிந்து தொங்கியது. எழுந்து, கையைத் துடைக்கக்கூட இல்லை. கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "மாமா, தப்பு என்னுது. பல்லு சேரலன்னு மச்சான் அன்னிக்கே கோடு போட்டுக் காமிச்சான். நாந்தான் கேக்கல. அவனுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியல" என்றார்.

நான் எத்தனையோ வருடம் காத்திருந்த வார்த்தை. சொல்ல வேண்டியவர் மட்டும் வேறு. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அத்தானின் தோளில் கை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாடா? இத்தன பேரு முன்னாடி தப்ப ஒத்துக்குற மனசு எவனுக்குடா வரும்? கத்துக்க."

இப்போது நான் சென்னையில் வண்டி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அந்த ஜீப்புக்குப் பொருத்தமான கிரவுனைத் தேடி, பல்லை நானே எண்ணிப் பார்த்து, பார்சல் லாரியில் போட்டு அனுப்பி வைத்தேன். வண்டி அருமையாக ஓடுகிறதாம், படகுகளை இழுக்கிறதாம். போன் செய்தால் அப்பா, "மாப்பிள்ளை கைவச்ச வண்டி, வெண்ணெ மாரி போவுதுடா" என்பார். உடனே பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்கும்: "மச்சான் அனுப்புன கிரவுனு மாமா, அதச் சொல்லுங்க மொதல்ல!"

அதையும் அவரே சொல்லிவிடுகிறார். நான் சொல்லிக்கொள்ள ஒன்றையாவது மிச்சம் வைக்கிறாரா அந்த மனுஷன்?